பூச்சியம்

ஞாயிறு, காலை ஆறேகால்.
கல் கிண்டிவிட்டுப் போன பள்ளத்தின் விளிம்பில்
என் நூறு சீசீ பஜாஜ் நிற்கிறது,
பக்கக் கண்ணாடி இரண்டும் கழற்றியதால்
காதறுத்த ஆட்டின் முகத்தோடு.

சில்லு இரண்டிலும் பாதிக் காற்றுத்தான்.
முன் ஸ்புரொக்கெற்றில் ஒரு பல் குறைவு.
சுன்னாகத்தில் புஸ்பகாந்தன் மாற்றித் தந்தது.
'இனி இது ஓடாது ரீச்சர், ஊரும்' என்றான்.
ஊருவதற்குத்தானே கேட்டேன்.

வேகமாய்ப் போக இங்கே ஒருவருக்கும் பழக்கத் தேவையில்லை.
கே.கே.எஸ். வீதியில்
மினிபஸ்ஸும் அதற்குள் தொங்குகிறவனும்கூட
பிறந்த அன்றே பழகி வந்தவர்கள்.
மெல்லப் போகத்தான் ஆளில்லை.
நடக்கிறவனுக்கும் பின்னால், விழாமல்,
இரண்டு பெடலிலும் எழும்பி நின்று
ஒரு விரலில் கிளச்சைப் பிடித்துக்கொண்டு
நூல் கோர்க்கிற மாதிரி.

விதி எளிது.
சுண்ணாம்புக் கோட்டுக்குள் நுழைந்து வெளிக்கிடும்வரை
கால் நிலத்தில் படக்கூடாது.
ஒருதரம் பட்டால் ஒன்று, இருதரம் பட்டால் இரண்டு,
அதற்குமேல் எவ்வளவு உழக்கினாலும் மூன்று.
எஞ்சின் நின்றால், விழுந்தால், ஐந்து.
படவேயில்லை என்றால் பூச்சியம்.
பூச்சியந்தான் கெட்டித்தனம்.
தரம் ஒன்பது பிள்ளைகளுக்கு இதை நான் சொல்வதில்லை.

புஸ்பகாந்தன் கல்லில் குந்தியிருந்து
பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் புள்ளி போடுகிறான்.
கடன்காரருக்குக் காட்டுகிற அதே இரக்கம்.
'வைச்சிட்டீங்கள்.'
'வைக்கேல்ல, செருப்பு உரசினது.'
'உரசினாலும் ஒண்டுதான் ரீச்சர்.
நீங்கள் அரைப் புள்ளி குடுக்கிறனீங்களோ?'
குடுக்கிறதில்லை.

மூன்றாவது வளைவில் ஒரு கல்.
முழங்கால் உயரமும் இல்லை.
மேலெல்லாம் ஓட்டை ஓட்டையாய்
கடல் மறந்துவிட்டுப் போன சுண்ணக்கல்.
ஐந்து கிழமையாய் அதில் ஏறுகிறேன்.
ஏறுகிறேன் என்பது பேச்சுக்கு.
முன் சில்லு ஏறும்; பின் சில்லு யோசிக்கும்.
அந்த யோசனைக்குள் எஞ்சின் விக்கும்,
நான் பக்கவாட்டில் இறங்குவேன்
முழங்கை முதலாக.

சில்லைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார் என்று
எனக்கு நானே சொல்கிறேன்.
பார்க்கக்கூடாது என்றதும்
உலகத்தில் வேறொன்றும் தெரிவதில்லை.
சில்லு, கல்,
கல்லின் ஓட்டைக்குள் ஒரு நத்தை ஓடு.

போன கிழமை ஒரு வெள்ளாடு வந்தது.
கோட்டுக்கு அடையாளமாய்க் கட்டியிருந்த
சிவப்புத் துணியை மென்றபடியே
அதே கல்லில் ஒரு தாவலில் ஏறி
நாலு காலையும் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவில் குவித்து
நின்றது.
புஸ்பகாந்தன் புத்தகத்தில் எழுதினான்:
ஆடு, பூச்சியம்.

இன்றைக்கு ஏறினேன்.
எப்படி என்று கேட்டால் தெரியாது.
கிளச் விரல் என்னைக் கேட்காமல் விட்டது,
முழங்கால் மடிந்தது, வயிறு முன்னால் போனது,
பின் சில்லு யோசிக்க மறந்தது.
மேலே நின்ற ஒரு கணத்தில்
பள்ளத்து அடித் தண்ணீர் தெரிந்தது, பச்சையாய்.
இறங்கும்போது விழுந்தேன்.
ஐந்து.
'ஏறினதுக்கு ஒண்டுமில்லையா?'
'அதுக்குப் புள்ளி இல்லையே ரீச்சர்.'

கண்ணாடிகளைப் பூட்டி, காற்றடித்து, வீட்டுக்கு.
இணுவில் கடவையில் கேற் விழுந்தது.
முன்னால் ஒரு மா லொறி, பக்கத்தில் ஓட்டோ.
கைப்பிடியை இடப்பக்கம் முறித்து
பிரேக்கில் பாதம் ஊன்றி
கால் வைக்காமல் நின்றேன்.
நான்கு. ஐந்து. ஆறு.
ஓட்டோவுக்குள் இருந்த பெடியன்
மாம்பழம் சூப்புவதை விட்டுவிட்டு
என் செருப்பைப் பார்த்தான்.
ஒன்பது. பத்து.
தாயின் சேலையை இழுத்தான். அவள் போனில்.
ரயில் வந்தது, காற்றும் புழுதியும் சனமுமாய்.
ஒரு யன்னலில் ஆரோ கைகாட்டினார்கள்,
எனக்கோ லொறிக்காரனுக்கோ.

கேற் எழும்பியது. எல்லாரும் பாய்ந்தார்கள்.
பின்னால் ஹோர்ன்.
குனிந்து பார்த்தேன்.
வலது கால் தாரில் இருந்தது.
எப்போது வைத்தேனோ.

ஒன்று.