பாதி பீடி

ஸ்டார்ட் ஆகாத வண்டி நல்ல வண்டி.
பேட்டரி, செல்ஃப், வயர் என்று
தேடும் இடம் கைவிரலுக்குள் அடங்கிவிடும்.
இது ஸ்டார்ட் ஆகிறது.
சாவியைத் திருப்பியதும் ஆகிறது,
புகையில் கறுப்பில்லை, தட்டுச் சத்தமில்லை.
அப்புறம் வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டதுபோல்
ஓர் இழுப்பு,
இன்னோர் இழுப்பு,
நின்றுவிடுகிறது.

எவ்வளவு நேரம் ஓடுது என்று கேட்டேன்.
"பாதி பீடி" என்றார் அரிகிருஷ்ணன்.

மரக்காணத்து உப்பு பத்து டன்,
முதுநகர் கருவாட்டுக் கொட்டகைக்கு.
கன்னியக்கோயில் பங்க்கில் புதுச்சேரி விலைக்கு
கழுத்துவரை டீசல்.
முள்ளோடை தாண்டி முந்நூறு அடியில் நிற்கிறது.
கிளீனர் சேட்டு டார்ச் அடித்தான்,
நான் பார்க்கும் இடத்தைத் தவிர எல்லா இடத்துக்கும்.

"காத்து இழுக்குதுண்ணே.
பத்துக்கு எட்டு காத்துதான்."
ப்ளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தேன்.
நுரை வரவேண்டும், கொப்புளமாவது வரவேண்டும்.
வந்தது சுத்தமான டீசல்,
மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு.
பம்ப் மட்டும் கனத்தது,
அமுக்கிய பின் மேலே வர மனசில்லாமல்.
அங்கேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.
விளங்கவில்லை.
ஃபில்டர்தான் என்றேன், உறுதியாக.

புது ஃபில்டர்.
ஸ்டார்ட்.
அரிகிருஷ்ணன் பீடி பற்றவைத்தார்.
மூன்று பேரும் அந்தச் சிவப்பு நுனியையே பார்த்தோம்.
கால் பீடி.

செப்பு வாஷர்கள் மாற்றினேன்.
குழாயை அங்குலம் அங்குலமாக விரலால் தடவினேன்.
கடலூர் பஸ் ஒன்று எங்கள் மேல் வெளிச்சம் அடித்துவிட்டுப் போனது.
கடைசியில்
பார்ட்ஸ் கழுவ வைத்திருந்த டீசலைக் கேனோடு
கேபின் கதவில் கட்டித் தொங்கவிட்டு
குழாயை டேங்கிலிருந்து கழற்றி அதில் விட்டேன்.

ஒரு பீடி முழுசாக ஓடியது.
இன்னொரு பீடி.
அரிகிருஷ்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்,
என்னையா கேனையா தெரியவில்லை.

"என்ஜின்ல ஒண்ணுமில்ல. டேங்க் மூடியத் தொறங்க."

சாவியை அவர் உடனே தரவில்லை.
அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தது.
போன ஐப்பசியில் கண்ணயர்ந்தபோது
எண்பது லிட்டர் உறிஞ்சிவிட்டார்களாம்,
முதலாளி படிக்காசில் கழித்துக்கொண்டாராம்.
அதிலிருந்து பூட்டு மூடி.
மூடிக்கடியில் ட்யூப் வெட்டிய ரப்பர் வட்டம்.
மூடியிலிருந்த ஊசித்துளைக்கு எம்-சீல்.
"ஒரு சொட்டு வெளிய போவாது" என்றார்,
பெருமையாகத்தான்.

மூடி திரும்பியது.
அந்தச் சத்தத்துக்கு எழுத்தில்லை.
தண்ணீருக்கடியில் வெகுநேரம் கிடந்தவன்
தலை தூக்கி இழுக்கிற முதல் மூச்சு.
சேட்டு டார்ச்சைக் கீழே போட்டுவிட்டான்.

"எண்ணெ டின்னுல ரெண்டு ஓட்ட போடுவோமே, அதுமாதிரியாண்ணே?"

இரண்டு மணி நேரமாக
நான் இவனிடம் டார்ச்சை நேராகப் பிடிக்கத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரோட்டோரமாக ஒதுங்கி
சைக்கிள் ஆரக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி
எம்-சீலில் ஒரு துளை, ரப்பரில் ஒரு துளை.
அரிகிருஷ்ணன் அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.
"இது வழியா எடுத்துட்டான்னா?"
"ஈர்க்குச்சி கூட நுழையாதுண்ணே."
"காத்து போவுதுல்ல?"
"போவுது."
அப்படியானால் என்ன வேண்டுமானாலும் போகும் என்பதுபோல்
பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

ஃபில்டர், வாஷர், கூலி சேர்த்து
ஆயிரத்து இருநூறு சொன்னேன்.
பேரம் பேசவில்லை.
உப்பு ஈரத்தில் ஒட்டிக்கிடந்த நோட்டுகளைப்
பிரித்துப் பிரித்துத் தந்தார்.

ரெட்டிச்சாவடிப் பக்கம் பின்விளக்கு மறையும்வரை நின்றேன்.
நிற்கவில்லை வண்டி.

கழற்றிய ஃபில்டர் பட்டறை அலமாரியில் இருக்கிறது.
நல்ல ஃபில்டர்.
அதே மாடல் வண்டிகள் இரண்டு வந்து போய்விட்டன.
இன்னும் எதற்கும் போடவில்லை.