நிறுத்தக் காரணம்

பகுரியானியில்
நாற்காலி லிஃப்ட் ஓட்டுகிறேன்.
லமாரா வந்தால் நெம்புகோலை இழுப்பேன்.
ஒற்றைச் சறுக்குப்பலகை மேல் பொருத்திய இருக்கையோடு
அவள் ஏறும்வரை
மலை முழுக்கக் கால்கள் அந்தரத்தில் தொங்கும்.
வரிசையில் யாரோ உச்சுக்கொட்டுவார்கள்.
பதினோரு விநாடி.

பதிவேட்டில் 'காரணம்' கட்டத்தில்
'காற்று' என்றே எழுதிவந்தேன்.
ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டாள்.
"நான் என்ன காற்றா?
என் பேரைப் போடு."

போட்டேன்.
மாதக் கடைசியில் மேலாளர் எண்ணினார்:
நாற்பத்தேழு லமாரா.
திட்டுவார் என்றிருந்தேன்;
ஏறுமிடத்தில் ஒரு சாண் பனியை
வெட்டி இறக்கச் சொன்னார்.

இன்று காலை
நெம்புகோலுக்குப் போன கையை
அவள் குரல் தடுத்தது:
"விடு, ஓடட்டும்."
கைத்தடிகளை ஊன்றி எம்பி
நகரும் நாற்காலியில் விழுந்தாள்,
பாதி கோணலாக,
கெட்ட வார்த்தை ஒன்றோடு.

கட்டம் காலி.
பேனா மூடியைக் கடித்தபடி
மேலே பார்க்கிறேன்.
நிஜமாகவே கொஞ்சம் காற்று.