இடது அம்பு

தார்த்து நகரில் பிப்ரவரி.
முப்பத்திரண்டு கண் வைத்த தொப்பியை
உர்மாஸ் தலையில் மாட்டி
ஒவ்வொரு கண்ணிலும் பசை பிதுக்குகிறாள் கெர்ட்டு.
"குளிருது."
"பஸ் ஓட்டுறவருக்கா?"

திரையில் அம்புகள். இடம், வலம், வலம்,
இடம்:
விரல் வலத்தை அழுத்திவிட்டது.

அவர் நாக்கைக் கடிக்குமுன்னே
அடுத்த அறைத் திரையில்
நடுநெற்றியிலிருந்து
கிளம்பிவிட்டது ஒரு மெல்லலை,
நொடிக்கு ஆறு தரம்.
அடுத்த அழுத்தம்
இம்மி தாமதம். சரி.

"உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே
தலைக்குத் தெரிஞ்சிடுது" என்கிறாள்,
பசையைத் துடைத்தபடி.

ஈரத் தலையோடு நிறுத்தத்தில் நிற்கிறார்.
தம்பி வீட்டுக் கதவை
அறைந்து சாத்திய அன்றும்
எழுந்திருக்கும் போல,
படியிறங்கும்போதே.
கால்தான் தாமதிக்கவில்லை.

வண்டி வருகிறது. ஏறவில்லை.
சாலையைக் கடந்து
எதிர்ச்சாரியில் போய் நிற்கிறார்
பனியில்.