பச்சைக்கல்

வேனின் பின்கதவு பூட்டவில்லை.
கொடிக்கயிற்றால் கட்டிக்கொண்டு
விடிந்தும் விடியாத கீழவாசலில் இருந்து கிளம்பினோம்.
அறுபது கண்ணாடி, ஒரு பிரஷர் மிஷின்,
பூச்சி மாத்திரை, இருநூறு பன்.
ஐஸாலில் இருந்து வந்த ஏழு பேர்.
அவர்கள் ஆங்கிலத்தைத் தமிழாக்க நான்.
மூன்று நாளாக ஒருவரும் வெயிலைக் குறை சொல்லவில்லை,
கன்னம் மட்டும்
சுட்ட கல்லின் நிறத்துக்கு வந்திருந்தது.

சிலைமான் தாண்டியதும் போதகர் ஜெபித்தார்.
சித்திரை முழுக்க ஒரே விண்ணப்பம்தான்:
வைகையைக் கண்ணோக்கும் ஆண்டவரே, மழை தாரும்.
ஆமென் என்றோம்.
டிரைவர் சேவுகனும் சொன்னார்,
அவர் கருப்பனுக்கு மாலை போட்டிருந்தார்.

காளவாசலில்
கணக்குப்பிள்ளை நாற்காலியில் காத்திருந்தார்.
‘பதினொண்ணுக்கு முடிச்சிரணும்.
நேத்தே ஆயிரம் கல்லு கொறையுது.’

வரிசை வந்தது, கையில் காயாத மண்ணோடு.
லால்ரின்புயி ஒவ்வொரு கையையும் துடைத்துவிட்டுப்
பட்டை சுற்றினாள்.
ஐந்தாவது ஆளோடு துடைப்பதை விட்டாள்.
சோணை கண்ணாடியை மாட்டிக்கொண்டு
வசன அட்டையைப் பார்க்கவேயில்லை,
மகளை இழுத்து உட்காரவைத்துப் பேன் பார்த்தார்.

பன் கொடுக்க அந்தப் பக்கம் போனபோதுதான்
அவள் செருப்பைத் துளைத்துக் கருவேல முள் ஏறியது.
மருந்துப் பெட்டியில் எல்லாம் இருந்தது,
முள் எடுக்க ஒன்றும் இல்லை.
ஒச்சம்மா வரிசையை விட்டு வந்தாள்.
தாலிக்கயிற்றில் இருந்து ஊக்கைக் கழற்றினாள்.
வந்தவளின் பாதத்தைத் தன் மடிமேல் தூக்கி வைத்து
எச்சில் தொட்டுத் துடைத்தாள்.
‘மண்ணு மிதிக்காத காலு’ என்றாள்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

முள் வந்தது, கால் விரற்கடை நீளம்.
அதைக் கையில் வைத்துக்கொண்டே
லால்ரின்புயி என்னிடம் சொன்னாள்:
என்ன ஜெபிக்கட்டும் என்று கேள்.

முன்பணம் நாற்பதாயிரம், என்றார் ஒருவர்.
வீரணனுக்குப் பத்தாவது ரிசல்ட்டு.
மாமியாளுக்கு இடுப்பு.
ஒச்சம்மா கடைசியாகச் சொன்னாள்:
‘பத்து நாளைக்கு மழ வேணாம்னு கேளுங்க டீச்சர்.
எட்டாயிரம் பச்சைக்கல்லு கெடக்கு.
கரைஞ்சுச்சுன்னா மறுபடி மிதிக்கணும்.
அதுக்குக் கூலி கெடையாது.’
சொல்லும்போது கையைக் குவித்து விரித்தாள்,
விரலிடுக்கில் எதுவோ
வழிந்து போவது போல.

போதகர் என்னைப் பார்த்தார்.
நான் கற்களைப் பார்த்தேன்.
கண்ணுக்கெட்டும் மட்டும் படுத்துக் கிடந்தன,
முதலாளியின் இனிஷியல் நெஞ்சில் ஈரமாக.

வேலை நல்லபடி நடக்கவேண்டுமாம், என்று
ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.
பதினாறு வருஷம் ஒன்பதாம் வகுப்பில்
மொழிபெயர்ப்புக்கு மதிப்பெண் போட்டவள்.

லால்ரின்புயி ஒரு கணம் என்னையே பார்த்தாள்.
பிறகு புழுதியில் மண்டியிட்டுத்
தன் பாஷையிலேயே ஜெபித்தாள், வெகு நேரம்.
ஒச்சம்மா கண்ணை மூடவில்லை,
அவள் குதிகாலில் இன்னும் ரத்தம் கசிகிறதா என்று
குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
அன்றைக்கு எனக்கு
வேலையில்லாத நேரம் அது ஒன்றுதான்.

இன்னும் இரண்டு ஊர்.
பன் தீர்ந்து, பிறகு பொறுமை தீர்ந்து,
திரும்பும்போது யானைமலைப் பக்கம் கறுத்திருந்தது.
விரகனூர் ரவுண்டானாவில் முதல் சொட்டு.
வைப்பர் ஓடவில்லை, சேவுகன் கையை வெளியே நீட்டிப்
பேப்பரால் துடைத்து ஓட்டினார்.
முன்சீட்டில் போதகர் ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்’ என்றார்.
குரல் உடைந்தது. உண்மையாகவே அழுதார்.
அவர் ஊரில் கிணறு வற்றி இரண்டு வருஷம்.

பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.
கயிறு தளர்ந்த கதவு வழியே மண்வாசம் வந்தது.
மேகம் கிழக்கே,
நாங்கள் வந்த வழியே, நகர்ந்துகொண்டிருந்தது.

லால்ரின்புயி என் சேலைத் தலைப்பை இழுத்தாள்.
மெதுவாகத்தான் கேட்டாள்:
அவர்களிடம் தார்ப்பாய் எத்தனை இருந்தது?

இரண்டு, என்றேன்.
ஒன்றை நாம் உட்கார விரித்திருந்தார்கள்.