முப்பது மில்லிக்குக் கீழே

இருபத்திரண்டு வருடமாக
காலை ஏழு மணிக்கு
திஸா ஆற்றின் நீர்மட்டத்தைப் படித்துச் சொல்வது என் வேலை.
பாலத்தூணில் சென்டிமீட்டர் கோடுகள்.
பனி கொட்டினாலும் போய் நிற்க வேண்டும்.
எண்ணை எழுத வேண்டும்.
கருத்துச் சொல்லக் கூடாது.

இப்போது என் விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்குகிறது.
அதன் முனையில் மாதுளை அளவு ரப்பர்க் குமிழ்,
பாதி நிறைந்து, தேநீர் நிறத்தில்.
டெஜோ அதை அளவுக் குவளையில் ஊற்றி
மேலிருந்து பார்த்துவிட்டு
"நூற்றுப்பத்து" என்கிறான்.
அப்படிப் படிக்காதே. கண்மட்டத்துக்குத் தூக்கு.
ஓரத்தில் நீர் ஏறி நிற்கும், நடுப்பள்ளத்தைப் பார்.
"நூற்று நான்கு."
எழுது.

ஆற்று நோட்டைத் திருப்பிப் பிடித்து
கடைசிப் பக்கத்திலிருந்து எழுதி வருகிறான்.
முன்னால் ஆறு. பின்னால், தலைகீழாக, நான்.

டாக்டர் வாடஷ் தாளில் வரைந்து காட்டியிருந்தார்:
இதை எடுப்போம், அடியிலுள்ள தசையைத் தொடமாட்டோம்,
அக்குளின் முதல் கணுவைக் கண்டுபிடிக்க
நீலச் சாயம் விடுவோம்.
எளிதாகப் புரிந்தது.
தண்ணீர் எந்தக் கிளையில் முதலில் போகிறதென்று
நாங்களும் சாயம் ஊற்றிப் பார்த்திருக்கிறோம்.
ஆனால் அவர் கடைசிவரை மார்பு என்று சொல்லவில்லை.
"இடது" என்றார்.
"இடதை எடுத்தபின்."
பேருந்தில் வரும்போது
நானும் அப்படியே சொல்லிப் பார்த்தேன்.

அறுவைக்கு மறுநாள் சிறுநீர் பச்சையாய்ப் போனது.
யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
கழிப்பறையில் தனியாகச் சிரித்தேன்,
தையல் இழுத்தது.

இரவு மூன்று மணிக்கு
இல்லாத காம்பில் அரிப்பு.
எங்கே சொறிவது?

எதெல்கா தினை அடைத்த பை ஒன்று தைத்து வந்தாள்,
ஒரு சைஸ் பெரிதாக.
"இதைவிட்டால் வாய்ப்பு வராது, அண்ணி."
அதை உள்ளே வைத்துக்கொள்ளவில்லை.
எறியவும் மனமில்லை.
காரில் சீட்பெல்ட்டுக்கு அடியில் வைக்க
அளவாக இருக்கிறது.

விரல்களைச் சுவரில் ஏறவிட வேண்டும், தினம் ஐந்து முறை.
எட்டிய உயரத்தில் டெஜோ பென்சில் கோடு போடுகிறான்.
ஒன்பதாம் நாள் ஸ்விட்ச்.
பதினோராம் நாள் மிளகாய்ப்பொடி டப்பா, விளிம்பு மட்டும்.
பன்னிரண்டாம் நாள் மறுபடி ஸ்விட்ச்.

அன்றுதான் நோட்டைப் புரட்டினேன்.
முப்பதுக்குக் கீழே இரண்டு நாள் நின்றால்
குழாயை எடுத்துவிடுவார்கள்.
நாற்பத்தொன்றை அவன்
இருபத்தொன்பது என்று எழுதியிருந்தான்.
இரண்டும் ஒன்பதும் வழக்கத்தைவிட அழகாக இருந்தன.
நான் கத்தவில்லை.
ஒரு ஜனவரியில் நானும்
குளிருக்குப் பயந்து போகாமலே ஓர் எண் எழுதினேன்.
அடுத்த நாளே ஆறு காட்டிக்கொடுத்தது.
ரப்பரைக் கொண்டுவரச் சொன்னேன்.
அழித்தான்.
அழிக்கும்போது மூக்கை உறிஞ்சினான்.

பதினாறாம் நாள் இருபத்தாறு.
பதினேழாம் நாள் இருபத்திரண்டு.
நர்ஸ், மூச்சை வெளியே விடுங்கள் என்றாள்.
ஒரு முழம் இருக்கும், நீளமாய்
உருவிக்கொண்டு போனது.

பிறகு கண்ணாடி.
வெள்ளம் வடிந்தபின் சுவரில் தங்குமே,
அந்தச் சேற்றுக்கோடு போலக் குறுக்காக ஒன்று.
ஊரில் அதற்குத் தேதி பொறித்துப் பலகை அடிப்போம்.
தேதி எனக்குத் தெரியும்.
பலகை வேண்டாம்.
தொட்டேன். விரலுக்குத் தெரிந்தது,
தோலுக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் பாலத்துக்குப் போனேன்.
கோட்டின் இடப்பக்கம் காற்று தட்டையாக ஒட்டியது.
மழையில்லாத வருடம், ஆறு அடியில் கிடந்தது.
புதிதாய் வந்த பையன் மார்ட்டோன் கேட்டான்:
பூஜ்யத்துக்குக் கீழே எப்படி ஆறு ஓடும், பிரோஷ்கா?
என்றோ ஒருவர் தூணில் ஓர் இடம் பார்த்து
பூஜ்யம் என்று வைத்தார், அவ்வளவுதான், என்றேன்.
கழித்தல் நூற்று எழுபத்திரண்டு.
எழுது.