இணைக்கப்பட்டது

கருங்கல்லில் மூன்றாம் நாளாய் மழை.
லேப்டாப் தேடுகிறது, தேடுகிறது,
கண்டுபிடித்ததாகச் சொல்கிறது.
எங்கள் டிவி மட்டும் நீலமாய்,
ஒன்றும் தெரியாத முகத்தோடு.

ரவுட்டரை அணைத்து, பத்து எண்ணிப் போட்டாயிற்று.
டிரைவரைப் புதுப்பித்தாயிற்று.
ஜெபசிங் டிவியின் முதுகில்
இரண்டு தட்டும் தட்டிவிட்டான்.
'இணைக்கப்பட்டது' என்கிறது மறுபடியும்.
எதோடு?

மதிலுக்கு அந்தப்புறம்
ஒரு முழ மண்ணுக்காக
நான்கு வருடம் பேசாத ரெஜினாள்
குடையில்லாமல் வந்து நின்றாள்.
"உங்க பிள்ளைக்க ஸ்கேன் படம்
எங்க டிவியில ஓடுது, கேட்டியளா."

மார்த்தாண்டத்தில் அதே கடை,
அதே ஓணத் தள்ளுபடி,
டிவிக்கும் அதே பெயர்.

துண்டிக்க விரல் போனது.
"நில்லுங்க,
அவரு இன்னும் பாத்துத் தீரல்ல.
அந்தத் துடிக்கது
நெஞ்சுதானே?"