வழுக்கும் நாளுக்கான மணல்

வியன்னாவுக்கு வந்து இது மூன்றாம் நாள்.
இதுவரை நாற்பத்தொரு பேருக்குப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.
கொரியாவிலிருந்து தேனிலவுக்கு வந்தவர்கள்,
இந்தக் குளிரிலும் தொப்பி போடாத ஐரிஷ் பையன்கள்,
நாய் உட்பட எல்லோரும் ஒரே நிற ஸ்வெட்டரில் ஒரு குடும்பம்.
என் முகத்தில் ஏதோ எழுதியிருக்கிறது போல:
இவளிடம் கைபேசியை நம்பிக் கொடுக்கலாம்.

நாங்கள் இருவரும் விழுந்த படம் ஒன்றே ஒன்று.
அதில் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் முழுசாக,
நான் முக்கால்வாசி,
ஸ்வோன்கோ ஒரு காதும் தோளும்.
முகம் திரும்பியிருக்கிறது.
எதைப் பார்க்க என்று எனக்குத் தெரியும்.
முனையில் சிவப்பாக ஒன்று வளைந்துகொண்டிருந்தது.

இருபத்தாறு வருடமாக ஓசியெக்கில் டிராம் ஓட்டுகிறவன்,
பெயரிலேயே மணியை வைத்திருப்பவன்.
விடுமுறைக்குக் கூட்டிவந்தால்
டிராம் பார்க்கிறான்.

அரண்மனை வரிசையில் ஐம்பது நிமிடம் நின்றோம்.
உள்ளே தங்கம், கண்ணாடி, இன்னும் தங்கம்.
'இத்தனை அறைக்கும் எவன் விறகு சுமந்தான்?'
கேட்டது அவ்வளவுதான்.
வெளியே வந்ததும் ஓட்டுநருக்கு நேர் பின்னிருக்கை.
ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால்
அவன் கால் தரையை அழுத்துகிறது.
நான் சிரிக்கவில்லை.
பிரசவ வார்டில் என் வேலை.
முக்குகிறவளோடு சேர்ந்து
என் பல்லும் கடிபடும்.

ஆனால் நடைபாதையிலிருந்து
போகிற வருகிற டிராமுக்கெல்லாம் கை உயர்த்துவதை
எப்படிப் பொறுப்பது?
ஓட்டுநருக்கு ஓட்டுநர் காட்டுகிற கை அது.
மஃப்ளர் சுற்றிய ஒரு சுற்றுலாக்காரனுக்கு
யார் பதில் காட்டுவார்கள்?
சந்தையில், சூடான மதுக் கோப்பையோடு,
கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போக,
கேட்டேவிட்டேன்:
நீ வந்தது என்னோடா, அதோடா?

பதில் இல்லை.
கஷ்கொட்டை உரித்துக்கொண்டிருந்தான்.
உடையாமல் வந்ததை என் கையில் வைத்தான்.
உடைந்ததைத் தான் தின்றான்.
அடுத்ததும் அப்படியே.
அதற்கடுத்ததும்.

மறுநாள் ஓவியம் பார்க்கக் கிளம்பி
எதிர்த்திசை டிராமில் ஏறிவிட்டோம்.
(தெரியாமல்தான் என்கிறான்.)
ஆட்கள் இறங்க இறங்க ஜன்னல் பெரிதானது.
கடைசி நிறுத்தம் நுஸ்டார்ஃப்.
இலையில்லாத திராட்சைக் கொடிகள் மேட்டில்,
மேலே கரித்துணி நிறத்தில் வானம்,
பூஜ்யத்துக்குக் கீழே ஆறு.

ஓட்டுநர் சிகரெட்டுக்கு இறங்கினான்.
பெயர் செனாத். ஊர் துஸ்லா.
பேச்சு எங்கள் பேச்சு,
கொஞ்சம் பொஸ்னிய இழுவையோடு.
அடுத்த பதினோரு நிமிடம்
உலகத்தில் நான் இல்லை.
தண்டவாளம் உறைந்து சக்கரம் வழுக்கும்போது
அடியில் தூவுகிற மணலைப் பற்றிப் பேசினார்கள்:
எங்கே காயவைக்கிறீர்கள், எவ்வளவு போகும்,
ஈரம் பட்டால் கட்டியாகுமே.
செனாத் ஒரு கை அள்ளி வந்தான்.
என் கணவன் அதை விரலிடுக்கில் தேய்த்து,
'எங்களுடையதைவிட நைசு' என்று
கொஞ்சம் வருத்தமாகச் சொல்லி
என் கையில் கொட்டினான்.
எடை பார்க்கிற கை என்னுடையது.
என்னை அறியாமலே தூக்கிப் பார்த்தேன்.
வெயிலில் கிடந்தது மாதிரி
எப்படியோ கதகதப்பாக இருந்தது.

திரும்பும்போது எதிரே ஒரு டிராம்.
செனாத் கை தூக்கினான்.
பின்னிருக்கையில் ஸ்வோன்கோவும்.
எதிர் ஓட்டுநர், பனிபடிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்,
ஒருமுறை தூக்கினாள்,
பிறகு சந்தேகப்பட்டு
இன்னொருமுறை.

ஓவியத்தைப் பார்க்கவில்லை.
மூடிவிட்டார்கள்; நான்கரைக்கே இருட்டு.

விடுதியில் அவன் கால்சட்டையை உதறினேன்.
பை நிறைய மணல்.
கம்பளத்தில், தலையணையில், என் நகக்கண்ணில்.
குளிர்காலத்தில் கடலுக்குப் போய் வந்தவர்கள் மாதிரி
நறநறக்கிற படுக்கையில் படுத்தோம்.
சாலையில் கடைசி வண்டி போகிறது.
அவன் உறங்கிவிட்டான்.
போர்வைக்கடியில் அவன் கால்
என் கணுக்காலை ஒருமுறை மெல்ல அழுத்துகிறது.

ஏதோ நிறுத்தம்.
நான் இறங்கவில்லை.